அதே வயது, வேறு நாடு

1985இல் எலிஸ் ஜோன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 37 நாடுகளின் கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் குட்மாக்கர் நிறுவனம் நடத்திய ஆய்வு அது. 15 முதல் 19 வயதுக்குட்பட்ட ஆயிரம் பெண்களில் ஓராண்டில் எத்தனை பேர் கருவுறுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 96 பேர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாக 45, கனடாவில் 44, பிரான்சில் 43, சுவீடனில் 35. நெதர்லாந்தில் 14.

இப்படி ஒரு கணக்கு வெளியானால் எந்த ஊரிலும் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள். அமெரிக்காவிலும் அதுதான் எழுந்தது. ஆனால் ஆய்வில் கிடைத்த விவரங்கள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. விரிவாக ஆராயப்பட்ட ஆறு நாடுகளிலும் இளையோர் உடலுறவைத் தொடங்கும் வயதில் பெரிய வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் சுவீடனில் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கினார்கள். மற்ற நாடுகள் கருக்கலைப்பால் எண்ணிக்கையைக் குறைத்துக்காட்டின என்றும் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் கருக்கலைப்பு விகிதம் மட்டுமே மற்ற நாடுகளின் மொத்தக் கருவுறுதல் விகிதத்தை ஏறக்குறைய எட்டியிருந்தது. எஞ்சிய காரணம் கருத்தடை. மற்ற நாடுகளின் இளையோருக்கு அது எளிதாகக் கிடைத்தது, அவர்கள் பயன்படுத்தினார்கள். 2001இல் அதே நிறுவனம் ஐந்து நாடுகளை எடுத்துக்கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோதும் விடை மாறவில்லை.

பதினாறு வயது எல்லா நாட்டிலும் பதினாறு வயதுதான். அந்த வயதைச் சுற்றிப் பெரியவர்கள் என்ன ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. வளரிளம் பருவத்தினரின் பாலியல் நலம் குறித்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். இது நம்மைக் குற்றம்சாட்டும் முடிவு. நம்பிக்கை தரும் முடிவும்கூட. பிள்ளைகளின் வயதை மாற்ற முடியாது, ஏற்பாட்டை மாற்ற முடியும்.

நெதர்லாந்து அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்ட கதையிலிருந்து தொடங்கலாம். அந்த நாட்டை எதையும் அனுமதிக்கும் நாடு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 1960கள் வரை அங்கே தேவாலயத்தின் பிடி இறுக்கமாக இருந்தது. 1911இல் வந்த ஒழுக்கச் சட்டம் கருத்தடைச் சாதனங்களைத் தாராளமாக விற்கவிடாமல் தடுத்திருந்தது. அந்தத் தடை 1969இல்தான் நீங்கியது. அதன் பிறகு நடந்தவை வேகமானவை. 1971இல் கருத்தடை மாத்திரை மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தது. மாத்திரை வாங்கச் சிறப்பு மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் பார்க்கும் அதே குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அதற்காக உள்ளுறுப்புப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. சொன்னது மருத்துவரோடு நிற்கும். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் இடத்தில் நின்று யோசித்தால், இந்தச் சின்னச் சின்ன விவரங்கள் எத்தனை பெரிய தடைகளை அகற்றுகின்றன என்பது புரியும்.

பள்ளிகளும் சேர்ந்துகொண்டன. ‘காதல் நீடூழி வாழ்க’ என்று பொருள்படும் பெயரில் 13 முதல் 15 வயதினருக்கான பாடத்திட்டம் ஒன்று அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. உடற்கூறும் நோயும் அதில் உண்டு. ஆனால் நேரம் மிகுதியும் போவது வேறு கேள்விகளுக்கு: ஒருவரைப் பிடித்திருந்தால் எப்படிச் சொல்வது, வேண்டாம் என்று எப்படி மறுப்பது, மறுப்பை எப்படி ஏற்பது. சமூகவியலாளர் ஏமி ஷாலெட் அமெரிக்க, டச்சு (நெதர்லாந்து) குடும்பங்களோடு நெடுநேரம் பேசி 2011இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கப் பெற்றோர் பிள்ளைகளின் பருவ வயதை அடக்க வேண்டிய ஆபத்தாகப் பேசினார்கள் என்றும், டச்சுப் பெற்றோர் அதை உறவும் பொறுப்பும் கற்கும் காலமாகப் பேசினார்கள் என்றும் அவர் காட்டுகிறார். டச்சுப் பெற்றோருக்கு இதெல்லாம் கூச்சமில்லாமல் வந்துவிடவில்லை. கூச்சத்தோடுதான் பேசினார்கள். ஆனாலும் பேசினார்கள்.

டச்சு இளைஞர்களிடம் ஒரு பழக்கம் பரவியது: பெண் மாத்திரை எடுத்துக்கொள்வாள், ஆண் ஆணுறை அணிவான். இரண்டும் ஒரே நேரத்தில். ஏன் இரண்டு? இதற்கான விடை கருத்தடை அறிவியலின் நடுவில் இருக்கிறது, எனவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் இரண்டு தோல்வி விகிதங்கள் உண்டு. துளியும் பிசகாமல் பயன்படுத்தினால் ஒன்று, மனிதர்கள் உண்மையில் பயன்படுத்தும் விதத்தில் இன்னொன்று. எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓராண்டு உடலுறவு கொள்ளும் நூறு பெண்களில் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். பிசகில்லாமல் ஆணுறை பயன்படுத்தினால் இது 2, நடைமுறையில் 13. மாத்திரைக்குப் பிசகில்லாமல் என்றால் ஒன்றுக்கும் கீழே, நடைமுறையில் 7. விந்து வெளிப்படும் முன் விலகிக்கொள்வதை மட்டும் நம்பினால் 20. ஆணுறை நடைமுறையில் ஓராண்டில் நூறில் 13 பேரை ஏமாற்றுகிறது, மாத்திரை 7 பேரை ஏமாற்றுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏமாற்றும் வாய்ப்பு, ஒன்றின் தவறு மற்றதைப் பாதிக்காத வரை, நூறில் ஒன்றுக்கும் குறைவு. தவிர, மாத்திரையால் கிருமியைத் தடுக்க முடியாது. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா போன்ற தொற்றுகளிலிருந்து காப்பவை கருத்தடை முறைகளில் ஆணுறையும் பெண்ணுறையும் மட்டும்தான்.

பிசகில்லாத கணக்குக்கும் நடைமுறைக் கணக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி இளையவர்களிடம் இன்னும் அகலமாகிறது. மாத்திரையைத் தினமும் நினைவாக எடுக்க வேண்டும். அம்மா கண்ணில் படாமல் ஒளித்தும் வைக்க வேண்டும். ஆணுறையோ உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் கைக்கு வர வேண்டும். வளரிளம் பருவ மூளையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துவரும் டெம்பிள் பல்கலைக்கழக உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க் இங்கே பயனுள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும்போது பதினாறு வயதினரின் பகுத்தறியும் திறன் பெரியவர்களுடையதற்கு ஏறக்குறைய சமம். உணர்ச்சிவேகத்திலும் நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதும் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் மட்டும் இருபதுகளில்தான் முழுமையாகிறது. அதாவது பதினாறு வயதுப் பெண்ணால் தன் நலத்தைப் பற்றி நல்ல முடிவு எடுக்க முடியும், அந்த முடிவை ஒரு பிற்பகலில் மருத்துவர் முன்னால் அமர்ந்து எடுக்க வாய்ப்பிருந்தால்.

இதை ஒரு பெரிய சோதனை நேரடியாகக் காட்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2007இல் தொடங்கிய திட்டம் அது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு எல்லா முறைகளையும் விளக்கி, விரும்பியதை இலவசமாகக் கொடுத்தார்கள். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு 72 பேர் கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தையோ, மேல்கைத் தோலுக்கடியில் வைக்கும் தீக்குச்சியளவு ஹார்மோன் குச்சியையோ தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவை இவை. தோல்வி நூறில் ஒன்றுக்கும் குறைவு. நாடு முழுவதிலும் உடலுறவு அனுபவமுள்ள வளரிளம் பெண்களில் ஆயிரத்துக்கு 158 பேர் கருவுற்ற காலத்தில், இந்தத் திட்டத்தில் இருந்த வளரிளம் பெண்களில் ஆயிரத்துக்கு 34 பேர் மட்டுமே கருவுற்றார்கள். கொலராடோ மாநிலம் 2009 முதல் இதே வழியில் போய், சில ஆண்டுகளில் வளரிளம் பருவப் பிரசவங்களை ஏறக்குறைய பாதியாக்கியது.

அதே அமெரிக்கா இன்னொரு பாதையிலும் பணத்தைக் கொட்டியிருந்தது. 1996இல் இயற்றிய ஒரு சட்டத்தின் கீழ், திருமணம்வரை உடலுறவைத் தவிர்ப்பது ஒன்றையே கற்பிக்கும் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்த வகுப்புகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, பாடம் கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2007இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இரு குழுவிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தவிர்த்திருந்தார்கள். தொடங்கியவர்கள் தொடங்கிய சராசரி வயதும் ஒன்றேதான். பாடம் எதையும் மாற்றவில்லை. மறுபுறம், கருத்தடையையும் சேர்த்துக் கற்பித்தால் பிள்ளைகள் சீக்கிரம் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் ஆய்வில் நிற்கவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2009இலும் 2018இலும் வெளியிட்ட வழிகாட்டிகள், நல்ல பாலியல் கல்வி தொடக்கத்தை விரைவுபடுத்துவதில்லை, பல இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறது என்கின்றன.

அமெரிக்காவில் 15–19 வயதுப் பெண்களின் பிரசவ விகிதம் 1991இல் ஆயிரத்துக்கு 61.8ஆக இருந்து 2022இல் 13.6ஆக இறங்கியது. 1995க்கும் 2002க்கும் இடையில் கருவுறுதலில் ஏற்பட்ட சரிவைப் பகுத்துப் பார்த்த ஜான் சான்டெல்லியின் குழு, அதில் 86 விழுக்காடு கருத்தடைப் பயன்பாடு மேம்பட்டதால் வந்தது என்று கணக்கிட்டது.

இங்கிலாந்தின் அனுபவம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே ஓர் அரசாங்கம் திட்டமிட்டு, காலக்கெடு வைத்து இதைச் செய்து காட்டியது. 16 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் மருத்துவர் கருத்தடை ஆலோசனை தரலாமா என்ற வழக்கு 1980களில் நாட்டையே இரண்டாகப் பிரித்தது. விக்டோரியா கில்லிக் என்ற தாய் தொடுத்த வழக்கு. 1985இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: விளைவுகளைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது என்று மருத்துவர் உணர்ந்தால் தரலாம். தீர்ப்பு வந்தும் 1998இல் 15–17 வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு சுமார் 47 பேர் கருவுற்றார்கள். மேற்கு ஐரோப்பாவிலேயே மோசமான நிலை. மறு ஆண்டு டோனி பிளேர் அரசு பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், பள்ளிகளில் பாடம், பள்ளி விட்டபின் திறந்திருக்கும் இளையோர் மருத்துவமனைகள், ஏற்கெனவே தாயாகிவிட்ட சிறுமிகள் படிப்பைத் தொடர உதவி. முதல் சில ஆண்டுகள் எண்ணிக்கை மெதுவாகவே நகர்ந்தது, பத்திரிகைகள் கேலி செய்தன. அரசு விடவில்லை. 2014இல் விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. 2021இல் சுமார் 13. வறுமை மிகுந்த வட்டாரங்களிலும், திட்டப் பணம் கூடுதலாகச் சென்ற வட்டாரங்களிலும் சரிவு அதிகம் என்று 2016இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. கருத்தடை நல்லது என்ற உறுதி, அதை யார் உடலிலும் திணிக்கலாம் என்ற அதிகாரமாக மாறிய வரலாறு உண்டு. 1960களின் பிற்பகுதியில், டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த கிரீன்லாந்தில், மருத்துவர்கள் 1970 முடிவதற்குள் சுமார் 4,500 இனுவிட் பெண்களுக்குக் கருப்பைச் சாதனம் பொருத்தினார்கள். கருவுறும் வயதில் இருந்த பெண்களில் ஏறக்குறைய பாதி அது. பலரிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. பள்ளியிலிருந்து அழைத்துப்போகப்பட்ட சிறுமிகளும் அவர்களில் உண்டு. சிலருக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று. டென்மார்க் பிரதமர் மெட்ட பிரெடரிக்சன் 2025இல்தான் மன்னிப்புக் கேட்டார். சாதனம் அதேதான். செயின்ட் லூயிஸில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு அது விடுதலை, கிரீன்லாந்துச் சிறுமிக்கு அது வன்முறை. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை அறுவைகளைக் கண்ட நாட்டினருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பாவின் பாடங்களை அப்படியே தூக்கி வேறு மண்ணில் நடவும் முடியாது. மேற்குக் கென்யாவில் பாஸ்கலின் டுப்பா என்ற பொருளியலாளர் நடத்திய சோதனை இதைத் தெளிவாக்கியது. அரசின் பாடத்திட்டம் அங்கே ‘விலகியிருங்கள்’ என்றது; பிரசவங்கள் குறையவில்லை. டுப்பாவின் குழு சில பள்ளிகளுக்குச் சென்று, 40 நிமிடம் மட்டும், ஒரு தகவலைச் சொன்னது: எச்.ஐ.வி. எந்த வயது ஆண்களிடம் எவ்வளவு இருக்கிறது. உடன் படிக்கும் பையன்களைவிட, பரிசும் பணமும் தந்து பழகும் வயதான ஆண்களிடம் தொற்று பல மடங்கு அதிகம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. ஓராண்டுக்குள் அந்தப் பள்ளிகளில் கருவுற்ற சிறுமிகளின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. அதே வட்டாரத்தில் எஸ்தர் டுஃப்லோ, டுப்பா, மைக்கேல் கிரெமர் மூவரும் செய்த மற்றொரு சோதனையில், மாணவிகளுக்கு இலவசச் சீருடை கொடுத்ததே பள்ளி இடைநிற்றலையும் இளவயதுத் திருமணத்தையும் கருவுறுதலையும் குறைத்தது. சீருடை ஒரு கருத்தடைச் சாதனம் என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை. ஆனால் நாளை பள்ளிக்குப் போகப்போகிறோம் என்ற உறுதி ஒரு பெண்ணுக்குத் தன் உடலைக் காத்துக்கொள்ளக் காரணம் தருகிறது.

இந்தியாவுக்கு வரும்போது கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. வளரும் நாடுகளில் வளரிளம் பருவப் பிரசவங்களில் பத்தில் ஒன்பது திருமணத்துக்குள்ளோ, சேர்ந்துவாழும் உறவுக்குள்ளோ நடப்பதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2013இல் கணக்கிட்டது. கருவுற்ற சிறுமி என்றதும் நம் மனத்தில் எழும் சினிமாக் காட்சி, பெற்றோருக்குத் தெரியாமல் தவறிப்போன பெண்ணுடையது. உண்மையில் அவள் பெரும்பாலும் தாலி கட்டிய பெண். ஊரறிய, பத்திரிகை அடித்து, பந்தி போட்டு அனுப்பிவைக்கப்பட்டவள்.

2019–21இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20–24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 23 பேர் 18 நிறையும் முன்பே மணமானவர்கள். 15–19 வயதினரில் 6.8 விழுக்காட்டினர் அப்போதே தாயாகியிருந்தார்கள் அல்லது கருவுற்றிருந்தார்கள். பள்ளியே செல்லாதவர்களில் இது 18 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் 4. தமிழ்நாட்டில் இளவயதுத் திருமணம் முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்து 12.8 விழுக்காடாகியிருந்தது, ஆனால் வளரிளம் பருவக் கருவுறுதல் 5இலிருந்து 6.3 விழுக்காடாக ஏறியிருந்தது. மற்ற நலக் குறியீடுகளில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இந்த எண்ணைக் கடந்துபோய்விடக் கூடாது.

மணமான பெண்ணுக்குக் கரு தங்கினால் அதில் என்ன சிக்கல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடலுக்கு மண ஓலை தெரியாது. பதினாறு, பதினேழு வயதில் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடைந்திராது. தாயின் உடலே வளர்ந்துகொண்டிருப்பதால் ஊட்டத்துக்குத் தாயும் சிசுவும் போட்டியிடுகிறார்கள். இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் பத்தில் ஆறு பேருக்கு ரத்தசோகை. போட்டி தொடங்கும் முன்பே இருப்பு காலி. பேறுகால வலிப்பு, பிரசவத்துக்குப் பின் கருப்பைத் தொற்று ஆகியவை இருபதைக் கடந்த தாய்மாரைவிட இவர்களுக்கு அதிகம். பிறக்கும் குழந்தைகள் எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறக்கும் வாய்ப்பும் கூடுதல். உலக அளவில் 15–19 வயதுப் பெண்களின் இறப்புக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றாகக் கருவுறுதல், பிரசவச் சிக்கல்களை உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் தொடங்கிவிடும் கேள்வியை நாம் எல்லோரும் அறிவோம். “ஏதாவது விசேஷமா?” மாமியார் கேட்பார், அத்தை கேட்பார், பக்கத்து வீட்டார் கேட்பார்கள். ஆறு மாதம் கடந்தால் கோயில், ஒரு வருடம் கடந்தால் டாக்டர். பதினெட்டு வயதுப் பெண் தன் கருவளத்தை நிரூபிக்க வேண்டியவளாக அந்த வீட்டில் நிற்கிறாள். அவளிடம் கருத்தடை பற்றி யார் பேசுவது? நம் குடும்பநலத் திட்டமும் அவளை நினைத்து உருவானதில்லை. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெழுதிய திட்டம், அந்த இருவரும் பிறந்த பிறகே பெண்ணைத் தேடி வந்தது. வந்ததும் ஆபரேஷனுக்கு அழைத்துப்போனது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நவீன முறை எதையாவது பயன்படுத்துவோரில் இது பத்தில் ஒன்பது பங்கு. முதல் பிள்ளையைத் தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை.

இத்தனைக்கும் இந்தப் பேச்சு தமிழுக்குப் புதிதில்லை. கருத்தடையை நாட்டின் வறுமைக்கும் பெண்ணின் உடல்நலத்துக்கும் மருந்தாகப் பிறர் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, அது பெண்ணின் சுதந்திரத்துக்காக வேண்டும் என்று வாதிட்டவர் பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயமே உண்டு. அந்த வாதத்தை இன்றும் துணிச்சலானது என்று சொல்லவேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருத்துவ அறைக்குள்ளும் சில பழைய நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை பெறாதவருக்குக் காப்பர் டி என்னும் கருப்பைச் சாதனத்தைப் போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. வயது குறைவு என்பது மட்டுமே எந்தக் கருத்தடை முறையையும் மறுக்கக் காரணமாகாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. குழந்தை பெறாத இளம்பெண்ணுக்குக் காப்பர் டியின் நன்மை பொதுவாக அதன் சிக்கல்களைவிட மிகுதி என்பதே அதன் வகைப்பாடு. முதல்முறை உறவில் கரு தங்காது என்பதும் தவறு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதச் சுழற்சி ஒழுங்கற்றது என்பதால், ‘பாதுகாப்பான நாட்கள்’ என்ற கணக்கு அந்த வயதில்தான் மிக மோசமாகத் தவறும். அவசரக் கருத்தடை மாத்திரை கருவைக் கலைக்கும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடிய மாத்திரை அது. ஆனால் தமிழ்நாட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைப்பதில்லை என்று பத்திரிகைகள் ஆண்டுக்கணக்காக எழுதிவருகின்றன. மணிக்கணக்கு பார்க்கும் மருந்துக்கு இது பெரும் அநியாயம்.

சட்டமும் ஒரு முடிச்சைப் போட்டிருக்கிறது. சிறுவர்களைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் மிகவும் தேவையானது. அதன்படி, 18 வயதுக்குட்பட்டவரோடு உடலுறவு நடந்தது தெரியவந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விளைவாக, உதவி தேவைப்படும் பெண் மருத்துவமனைக்கு வரவே அஞ்சுகிறாள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு எல்லா அரசு மருத்துவமனைச் சுவர்களிலும் ஒட்டப்பட வேண்டியது.

ஏற்பாடு ஒருமுறை செய்துவிட்டால் முடிந்துவிடும் வேலையும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 42 நாடுகளிலும் வட்டாரங்களிலும் 15 வயது மாணவர்கள் 2,42,000 பேரிடம் எடுத்த கணக்கு 2024இல் வெளிவந்தது. கடைசி உறவின்போது ஆணுறை பயன்படுத்தியதாகச் சொன்ன பையன்கள் 2014இல் 70 விழுக்காடு, 2022இல் 61. பெண்களில் 63இலிருந்து 57ஆகக் குறைவு. அந்த உறவின்போது பத்தில் மூன்று பேர் ஆணுறையோ மாத்திரையோ எதுவுமே பயன்படுத்தவில்லை. 2022இல் மட்டும் ஐரோப்பிய நாடுகளில் கொனோரியா முந்தைய ஆண்டைவிட 48 விழுக்காடு கூடியது. எச்.ஐ.வி.க்கு நல்ல மருந்து வந்த பிறகு பழைய பயம் விலகிவிட்டது, பயத்தின் இடத்தில் அறிவு வந்து சேரவில்லை என்பது என் கணிப்பு.

ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றிய அச்சமும் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவுகிறது. அதில் ஒரு பகுதி உண்மை: கூட்டு ஹார்மோன் மாத்திரை ரத்தக்கட்டு வாய்ப்பைக் கூட்டுகிறது. மாத்திரை எடுக்காத, கருவுறாத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டு வரும். மாத்திரை எடுப்பவர்களில் 3 முதல் 9. ஆனால் கர்ப்ப காலத்தில் அதே கணக்கு 5 முதல் 20. பிரசவத்தை அடுத்த வாரங்களில் 40 முதல் 65. இந்த நான்கு எண்களையும் சேர்த்துச் சொல்லாமல் முதல் இரண்டை மட்டும் காட்டும் காணொளி, பெண்ணைப் பெரிய ஆபத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் ஒளிக்கீற்று தெரிபவர்கள், குடும்பத்தில் ரத்தக்கட்டு வரலாறு உள்ளவர்கள் ஆகியோர் வேறு முறையைக் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் மருத்துவர் தேவை.

நம்மிடம் தொடங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. 2014 முதல் ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற வளரிளம் பருவ நலத்திட்டத்தின் கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் இவர்களுக்கென ஆலோசனை மையங்கள் உண்டு. உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு பை கொடுக்கிறார்கள்: சீப்பு, கண்ணாடி, பொட்டோடு ஆணுறையும் மாத்திரையும் அதில் இருக்கும். பிறப்பு விகிதம் அதிகமான மாநிலங்களுக்கு மட்டுமே என்று வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. வளரிளம் பருவக் கருவுறுதல் ஏறிய தமிழ்நாட்டுக்கும் அது வர வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், கென்யச் சீருடையைப் போலவே, பாலியல் நலம் என்ற சொல்லை உச்சரிக்காமலே அதற்கு உதவக்கூடியது. சுவீடன் 1955இலேயே பள்ளியில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கி, 1970இல் போர்லேங்க நகரில் முதல் இளையோர் மருத்துவமனையைத் திறந்தது. அங்கே மாத்திரை எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் மகப்பேற்றுச் செவிலியர்கள்தான். நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கு அதே பயிற்சியும் அதிகாரமும் கொடுத்தால் அவர்களாலும் முடியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆலோசனை நேரம் பள்ளி, கல்லூரி விட்ட பிறகும் இருக்கட்டும். உள்ளே வரும் பெண்ணிடம் முதல் கேள்வியாகக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதலில் அவள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிவையுங்கள். நிச்சயமே ஆகிவிட்டது என்றால், முகூர்த்தத்துக்கு முன் ஒரு நாள் மணமக்கள் இருவரையும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ அனுப்புங்கள். ஆணுறை, மாத்திரை, காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி எல்லாமே அரசு மருத்துவமனைகளில் இலவசம்.